பேஸைக் குறைத்தது யார்?

ஜூன் 3, திங்கள்

தாரணியின் ஆல்பம் இன்று என் கைக்கு வந்தது. ஆறு பாட்டு. அவளே எழுதி, அவளே மெட்டமைத்து, அவளே பாடியது. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவள், வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருக்கிறாள். "இமா, நீங்கதான் மிக்ஸ் பண்ணணும். வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்" என்று போன வருடமே சொல்லிவிட்டாள். ஜூலை முதல் வாரம் வெளியீடு. ஆறு பாட்டிலும் பேஸ் கிட்டார் வாசித்திருப்பது என் தம்பி ரெஜிஸ்.

மிக்ஸிங்தான் என் தொழில்: தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்து ஒன்றாகச் சேர்ப்பது. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் இப்படி ஒரு டைரி எழுதுவேன். எந்தப் பாட்டில் என்ன செய்தேன் என்பது பிறகு மறந்துபோகிறது.

முதல் வேலை எப்போதும் கிக்கும் பேஸும்தான். டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக்கும் பேஸ் கிட்டாரும் ஒலியின் அடித்தளத்தில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிறவை. இரண்டும் ஒன்றாக விழுந்தால் பாட்டு சகதியாகிவிடும். அதற்குத்தான் சைட்செயின். பேஸின் மேல் ஒரு கம்ப்ரஸரைப் போட்டு, அதைக் கிக்கோடு கட்டிவைப்பது. கிக் விழும்போதெல்லாம் பேஸ் ஒரு நொடிக்கும் குறைவாகத் தணிந்து வழி விடும். அடி முடிந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடும். கேட்கிறவர்களுக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியக்கூடாது.

வீட்டின் கீழ்த்தளத்து ஸ்டுடியோ அறையின் ஏசி புதிதாக ஒரு உறுமல் விடுகிறது. மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். மதியம் தண்ணீர் லாரி வந்தது. சாப்பிடும்போது ரெஜிஸ், "முனங்காத அக்கா. நீ பேசுதது ஒண்ணுமே வெளங்கல" என்றான். நான் எப்போதும்போலத்தான் பேசினேன்.

ஜூன் 5, புதன்

மூன்றாவது பாட்டில் பேஸ் எடுபடவே இல்லை. கிக்கில் தோல் மேல் கட்டை படும் "டக்" கேட்கிறது. அதற்குக் கீழே இருக்க வேண்டிய கனம் இல்லை. பேஸைக் கூட்டினேன். போதவில்லை. இன்னும் கூட்டினேன். அது கிக்கை அமுக்குவதாக மீட்டர் காட்டியதால் சைட்செயினை ஆழமாக வைத்தேன். கிக் விழும்போது பேஸ் நன்றாகக் குனியட்டும் என்று. முள் பாதிக்கு மேல் சாய்கிறது. அவ்வளவு சாய்ந்தால் காதுக்குத் தெரிந்தாக வேண்டும். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

மீட்டரை நம்புவதா, காதை நம்புவதா? இந்தத் தொழிலில் காதுதான்.

ஜூன் 6, வியாழன்

ஏசி மெக்கானிக் வந்து அறையின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். "மேடம், சத்தமே இல்லியே" என்றார். ஏசியை அணைத்த பிறகும் எனக்கு உறுமல் கேட்டது. பக்கத்து வீட்டு மோட்டாராக இருக்கலாம்.

ஜூன் 8, சனி

முடித்த இரண்டு பாட்டைத் தாரணிக்கு ஸ்டுடியோவில் போட்டுக் காட்டினேன். அவள் முகம் சரியில்லை. என்னவோ சொன்னாள். இரண்டு முறை கேட்டுவிட்டேன், மூன்றாவது முறை கேட்கக் கூச்சமாக இருந்தது. "வாங்க, கார்ல போட்டுக் கேப்போம்" என்று அழைத்துப்போனாள்.

ஆற்காடு ரோட்டில் பஸ்ஸும் லாரியும் ஆரன் அடித்துக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் அவள் பேச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது. அமைதியான அறையில் கேட்காதது சாலையில் எப்படிக் கேட்கிறது? அவள்தான் அறையில் தயங்கித் தயங்கிப் பேசியிருப்பாள்.

"இமா, பேஸ் ரொம்ப ஜாஸ்தி. கார் கதவு அதிருது பாருங்க. அதோட, பாட்டு மூச்சு வாங்குது."

"மூச்சு வாங்குதுன்னா?"

"ஒவ்வொரு அடிக்கும் எல்லாம் உள்ள போயி, திரும்ப மேல வருது. மாடிப்படி ஏறி வந்தவங்க பேசுற மாதிரி. எனக்குச் சொல்லத் தெரியல."

அவளுக்குச் சரியாகவே சொல்லத் தெரிந்திருக்கிறது. சைட்செயின் அதிகமானால் அப்படித்தான் ஆகும். ஆனால் நான் கேட்டபோது எதுவும் மூச்சு வாங்கவில்லை. கார் கதவில் கை வைத்துப் பார்த்தேன். அதிர்ந்தது உண்மைதான். மட்டமான கார் ஸ்பீக்கர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

பூசைக்குப் போனேன். ரெஜிஸ் தூக்கம் வருகிறது என்று வரவில்லை. புது ஃபாதர் வாய்க்குள்ளேயே பிரசங்கம் வைக்கிறார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எதற்கோ சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஜூன் 10, திங்கள்

குழப்பமாக இருக்கிறது. காலையில் மூன்றாவது பாட்டைத் திறந்தால் பேஸ் நான் வைத்த இடத்தில் இல்லை. பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. சைட்செயினும் மெல்லிசாக, முள் லேசாக அசையும் அளவுக்கு மட்டும் இருக்கிறது. நான் செய்யவில்லை. செய்துவிட்டு மறந்திருப்பேனா?

இந்த வீட்டில் நானும் ரெஜிஸும்தான். கேட்டேன்.

"நீ கீழ போயி எதையும் தொட்டியா?"

"நான் எதுக்குத் தொடப்போறேன்?" என்று தோசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அவன் சொல்வதும் நியாயம்தான். பேஸ் வாசிக்கிறவன் யாராவது தன்னுடைய பேஸைத் தானே குறைப்பானா? என்னோடு வேலை செய்த அத்தனை பேஸ் வாசிப்பவர்களும் "இன்னும் கொஞ்சம் கூட்டுங்க" என்றுதான் நின்றிருக்கிறார்கள். அவன் கை வைத்திருந்தால் கூட்டியல்லவா இருக்கும்? கம்ப்யூட்டர் பழைய பதிவைத் திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் திரும்ப என் அளவுக்கே வைத்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

ஐந்தாவது பாட்டு முடிந்தது. அதே ஆழமான சைட்செயின், அதே கனமான பேஸ். மின்சார வாரிய ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்ததால், பாட்டைத் தாரணிக்கு அனுப்பிவிடும்படி ரெஜிஸிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஜூன் 12, புதன்

தாரணியிடமிருந்து செய்தி. "ஐந்தாவது பாட்டு பிரமாதம். இதைத்தான் நான் மனசுல நெனச்சேன். எல்லாம் இப்படியே இருக்கட்டும்."

என் காது சரியாகத்தான் இருக்கிறது. கார் ஸ்பீக்கர்தான் மட்டம். மிச்சமுள்ள எல்லாப் பாட்டுக்கும் ஐந்தாவதின் அளவுகளையே போட்டுவிட்டேன். பல நாளைக்குப் பிறகு மீன்குழம்பு வைத்தேன்.

ஜூன் 14, வெள்ளி

தாரணி வந்தாள். ஆறு பாட்டையும் கேட்டாள்.

"ஐந்தாவது ஏன் இப்படி ஆயிடுச்சு? நீங்க அனுப்பினப்போ நல்லா இருந்துச்சே."

"அதே பாட்டுதான் தாரணி. நான் எதையும் மாத்தல."

"இது அது இல்ல இமா. எல்லாமே மூச்சு வாங்குது. என் குரல் அதுமேல நிக்கவே முடியல." அவள் கண் கலங்கியிருந்தது. "நான் வேலையை விட்டுட்டு வந்திருக்கேன். உங்களை நம்பித்தான். யாராவது இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்து ஒரு தடவை கேக்கச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஆனால் அவள், "என்ன சொன்னீங்க, கேக்கல" என்றாள்.

ஜூன் 15, சனி

ராத்திரி முழுக்க யோசித்ததில் ஒன்று புரிந்தது. ஆறு பாட்டிலும் அளவு ஒன்றுதான், ஆறிலும் பேஸ் எடுபடவில்லை. அப்படியென்றால் கோளாறு வாசிப்பில். ரெஜிஸ் அழுத்தமில்லாமல் வாசித்திருக்கிறான். நான் அதைத் தூக்கி நிறுத்தப் பார்த்து எல்லாம் கெடுகிறது. அவனிடமே சொன்னேன்.

"உன் வாசிப்பு எடுபடலடா. பேஸை எடுத்துட்டு நானே கீபோர்டுல போட்டுரலாம்னு பாக்கேன்."

கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் என்னையே பார்த்தான்.

"ஆறு பாட்டுலயுமா?"

"ஆமா."

"சரிக்கா. உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான். சாயங்காலம் சாப்பிட வரவில்லை.

ஜூன் 17, திங்கள்

ஆறிலும் ரெஜிஸை எடுத்துவிட்டேன். கீபோர்டில் பேஸ் வாசித்துச் சேர்த்தேன். அழுத்தம் குறைகிறது என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை, எல்லா ஸ்வரமும் ஒரே பலம்.

அதுவும் எடுபடவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

தாரணி புகழ்ந்த அந்த ஐந்தாவது பாட்டை அவளிடமே திரும்ப வாங்கி, கீபோர்டு சேர்க்கும் முன் நான் முடித்திருந்ததற்குப் பக்கத்தில் வைத்தேன். காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. மீட்டரில் வேறு வேறு. அவளுக்குப் போனதில் பேஸ் என்னுடையதில் பாதிகூட இல்லை.

அன்றைக்கு அனுப்பியது ரெஜிஸ்.

மாடிக்குப் போனேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து பேஸ் கிட்டாருக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருந்தான்.

"நீதான குறைச்சே?"

"ஆமா."

"மூணாவது பாட்டையும்?"

"ஆமா. நீ பூசைக்குப் போயிருந்தப்ப."

"உன் பேஸை நீயே குறைப்பியா? நான் உன்னையே தூக்கி வெளிய போட்டேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா நீ இன்னொன்னையும் கேக்கணும். அத எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியல." கிட்டாரைக் கீழே வைத்தான். "அக்கா, அம்மாவுக்குக் காது எந்த வயசுல போச்சு?"

அந்தப் பேச்சு இப்போது எதற்கு என்றேன். அவன் விடவில்லை. "முப்பத்தஞ்சு. உனக்கு இப்ப என்ன வயசு?"

நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். பின்னாலேயே வந்தான், கையில் கிட்டாரோடு. ஒயர் எதுவும் இணைக்கவில்லை. எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார் ஒயர் இல்லாமல் ஒலித்தால் பக்கத்தில் இருப்பவருக்கே லேசாகத்தான் கேட்கும். ஒரு தந்தியைத் தட்டினான்.

"கேக்கா?"

இல்லை.

"இப்ப தாடையை இந்தக் கட்டை மேல வையி. அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம்லா, ஒரு கவட்டைக் கம்பியைத் தட்டிக் காதுக்குப் பின்னால எலும்புல வெச்சாரு. அதுவரை கேக்கலன்ன அம்மா, கேக்குன்னா. ஞாபகம் இருக்கா? வையிக்கா."

வைத்தேன். மூன்றாவது பாட்டின் பேஸை முதலிலிருந்து வாசித்தான்.

தலைக்குள் நிறைந்தது. அடிவரை கனமாக, உருண்டையாக, ஒவ்வொரு ஸ்வரமும் அழுத்தமாக. நான் தேடித் தேடிக் கூட்டியது முழுக்க அங்கே இருந்தது. எவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறான். தாடையை எடுத்தேன். ஒன்றுமில்லை. திரும்ப வைத்தேன். இருந்தது. எடுத்தேன். வைத்தேன். எத்தனை முறை அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அவன் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருந்தான்.

ஜூன் 20, வியாழன்

காது டாக்டர் ஓர் அம்மாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போது பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நீண்ட நேரம் எதுவும் வரவில்லை என்று காத்திருந்தேன். வந்துகொண்டுதான் இருந்ததாம்.

நடுக்காதில், குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் அங்கவடி மாதிரி ஒரு குட்டி எலும்பு உண்டு. அது அசைந்தால்தான் சத்தம் உள்ளே போகும். எனக்கு இரண்டு காதிலும் அது இறுகி வருகிறது. கனத்த ஒலிகள் முதலில் போகும். அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்றார்.

"சத்தமான இடத்துல பேச்சு நல்லா கேக்குமே?" என்றார். கார் ஞாபகம் வந்தது. "உங்க குரல் உங்களுக்குப் பெருசா கேக்கும். அதனால மெதுவா பேசுவீங்க." ரெஜிஸ் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். "காதுக்குள்ள ஒரு உறுமலும் இருக்கலாம்."

அந்த மெக்கானிக்கை நான் திரும்ப ஒருமுறை வேறு பார்க்கச் சொல்லியிருந்தேன்.

அறுவை சிகிச்சை செய்யலாம். பெரும்பாலும் பலன் கிடைக்கும். நூறில் ஓரிருவருக்கு அந்தக் காது மொத்தமாகப் போய்விடுவதும் உண்டு. ஒவ்வொரு காதாகத்தான் செய்வார்கள். "என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

ஜூன் 21, வெள்ளி

தூத்துக்குடிக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். அவள் காதில் மெஷின் வைத்திருந்தும் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குக் கத்துவதாகத் தோன்றியது அவளுக்குக் கேட்கவில்லை. கடைசியில் ரெஜிஸ் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னான். அம்மா அழுவாள் என்று நினைத்தேன்.

"ஏட்டி, ரெண்டு வருசமா நீ பேசுதது மட்டும் எனக்குக் கேக்க மாட்டேக்கு. மத்தவங்க பேசுதது கேக்கு. என் காதுதான் இன்னும் மோசமாயிட்டுன்னு நெனச்சேன். நீ சங்கடப்படுவேன்னு சொல்லாம இருந்துட்டேன்" என்றாள்.

யார் யாருக்காக எதை மறைத்தார்கள் என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

ஜூன் 22, சனி

தாரணியை வரவழைத்துச் சொன்னேன். ரெஜிஸ் சொல்கிறேன் என்றான், நான்தான் சொல்ல வேண்டும் என்றேன். கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் அவள் பரிதாபப்படவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

"அப்போ என் பாட்டுல எதையெல்லாம் நீங்க கேக்காமலே செஞ்சிருக்கீங்க?"

"அடியில இருக்கிறது எல்லாம்."

"என் குரல்?"

"அது கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு."

யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டாள். வேறு ஆளிடம் கொடுக்கிறேன் என்றால் அவள் பக்கம் தப்பே இல்லை. மனசு மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பாத்திரம் துலக்கினேன். துலக்கியதையே மறுபடி துலக்கினேன்.

ஜூன் 24, திங்கள்

தாரணி காலையிலேயே வந்துவிட்டாள். "ரெஜிஸ் வாசிச்சது திரும்ப வரணும். அடி விஷயத்தை அவர் கேக்கட்டும், நீங்க சொல்லிக் குடுங்க. நானும் கூட உக்காருவேன். கடைசியா வெளிய ஒருத்தர் கேட்டுச் சரின்னு சொல்லணும். இதுக்கெல்லாம் சம்மதம்னா இங்கயே முடிப்போம்."

சம்மதம் என்றேன். ரெஜிஸிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "முதல்ல அந்தக் கீபோர்டைத் தூக்கு. கேக்கவே சகிக்கல" என்றான்.

ஜூன் 27, வியாழன்

விசித்திரமான வேலை. அவன் நாற்காலியில், நான் பக்கத்தில், ஒரு கை ஸ்பீக்கர் மேல்.

"இப்ப பேஸ் குனியுதது தெரியுதா?"

"தெரியுது."

"தெரியக்கூடாது. தெரியாம போற வரைக்கும் குறை. இப்ப?"

"தெரியல. ஆனா கிக்கு மங்கிட்டு."

"அப்ப ரொம்பக் குறைச்சிட்டே. கொஞ்சம் ஏத்து. அடி முடிஞ்சதும் பேஸ் சட்டுன்னு வருதா, இழுத்துட்டு வருதா?"

"இழுக்கு."

"ரிலீஸைச் சுருக்கு. பேஸ் திரும்பி வர நேரம் அதான்."

இத்தனை வருடம் என் கை தானாகச் செய்ததை எல்லாம் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. சில இடங்களில் நான் சொன்னது தப்பாகவும் இருந்தது. அவனும் தாரணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டபோது கண்டுபிடித்தேன். எரிச்சல் வந்தது. எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

ஜூலை 6, சனி

வெளியீடு. சின்ன அரங்கம், நிறைய கூட்டம். தாரணியின் பழைய மாணவிகள் வந்திருந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பார்த்தேன், தட்டினேன். வெளியாள் ஒருவரும் கேட்டுச் சரி என்றுவிட்டார், ஆனால் என் வேலை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாமலே வெளியே போகும் முதல் ஆல்பம் இது. "மிக்ஸிங்: இமாக்குலேட், ரெஜிஸ்" என்று போட்டிருந்தாள். அவன் பெயரைப் போடச் சொன்னது நான்.

ஜூலை 15, திங்கள்

வலது காதில் நாளை அறுவை சிகிச்சை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த ஓரிருவரில் நானும் ஒருத்தி ஆகிவிட்டால் என்று கேட்டேன். "இடது காது இருக்கு. நான் இருக்கேன்" என்றான் ரெஜிஸ். அது பதிலா என்று தெரியவில்லை. வேறு பதிலும் இல்லை.

ஜூலை 24, புதன்

பஞ்சை எடுத்தார்கள். சந்தோஷமா, பயமா என்று சொல்லத் தெரியவில்லை. பேப்பர் மடிக்கும் சத்தம் தகரம் கிழிவதுபோல இருக்கிறது. திரும்பினால் தலை சுற்றுகிறது. காபி இரும்பு மாதிரி ருசிக்கிறது, நாக்கின் நரம்பு ஒன்று காது வழியாகப் போகிறதாம், அதனால் சில மாதம் அப்படி இருக்குமாம். ரெஜிஸிடம் கத்தாதே என்றேன். அவன் சாதாரணமாகத்தான் பேசினானாம். இப்போதைக்குப் பாட்டுக் கேட்கக் கூடாது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். வலது காது கிட்டத்தட்ட முழுதாக வந்திருக்கிறது. இடது அடுத்த வருடம்.

ஸ்டுடியோவில் ஆல்பத்தைப் போட்டேன். ரெஜிஸ் கதவருகே நின்றான், உள்ளே வரவில்லை. முதல் பாட்டின் பேஸ் ஆரம்பித்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். கிக் விழுந்தது. பேஸ் விலகியதாகத் தெரியவே இல்லை, ஆனால் இரண்டும் தனித்தனியாக இருந்தன. இரண்டாவது. மூன்றாவது. தாரணியின் குரல் அதன்மேல் நிம்மதியாக நின்றது. நான்காவது பாட்டில், இரண்டாவது சரணத்தில், நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டேன். இன்னொரு தடவை போட்டேன்.

"என்னக்கா?"

"இங்க ரிலீஸ் நீளம். பேஸ் திரும்பி வரதுக்குள்ள அடுத்த அடி விழுந்துருது. லேசா மூச்சு வாங்குது. அன்னிக்கு நான் கேட்டப்ப சரியா இருக்குன்னு சொன்னியே? ஆல்பம் வெளிய போயிட்டு, இனி மாத்தவும் முடியாது. என்னடா காது உனக்கு?"

அவன் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். திட்டு வாங்கிக்கொண்டு ஒருவன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இன்னும் எங்கெல்லாம் தப்புன்னு சொல்லு" என்றான்.